அணு ஆராய்ச்சி மான்யமும் பாட்டாளியின் பிள்ளையும்

திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சாலையில் ஷிப்டு முடித்து வந்த தோழர் ஒருவர் கேட்டார்: "2025 பட்ஜெட்டில் அணுசக்திக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்களே, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கூலி உயர்வுக்குப் போராடுவோம். அணுவைப் படித்தவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்."

பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், காலையெல்லாம் களையெடுத்துவிட்டு வந்தவர், குறுக்கிட்டார்: "என் மகள் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடிக்கப் போகிறாள். மேலே ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். மாதப் பணம் கிடைத்தால் படிக்கலாம். இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்கிறாள். அந்த 20,000 கோடியில் அவளுக்கு ஏதாவது உண்டா தோழர்?"

தோழரின் கேள்விக்கு அக்காவின் கேள்வியே பதில். நமக்குச் சம்பந்தம் இருக்கிறது!

பணம் யாருடையது?

சோப்பு வாங்கினாலும் வரி, செருப்பு வாங்கினாலும் வரி. கஜானாவில் சேர்வது டில்லி மந்திரிகளின் பூர்வீகச் சொத்து அல்ல; உங்கள் வியர்வை. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

அணுசக்தி இலாகாவில் ஆராய்ச்சி வாரியம் ஒன்று உண்டு. பல்கலைக் கழகப் பேராசிரியர் ஒரு திட்டம் எழுதி அனுப்புவார். நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் சில ஆண்டுகளுக்கு மான்யம் வரும். அதில் கருவி வாங்கலாம். ஆராய்ச்சி மாணவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். அக்காவின் மகள் போன்ற பெண்ணுக்குத் திறக்கக்கூடிய கதவு இதுதான். ஆனால் பெரும் பணம் போவது வேறு வாசல் வழியாக: இலாகாவின் சொந்த நிலையங்களுக்கு.

பழைய வழக்கு

இது இன்று நேற்றுத் தோன்றிய தகராறு அல்ல. சுதந்திரம் வந்த உடனே, 1948ல் அணுசக்திச் சட்டம் வந்தது. அணுசக்திக் கமிஷனும் வந்தது. டாக்டர் ஹோமி பாபா அதன் தலைவர். தனி நிலையம், தனி நிர்வாகம், ரகசியம் என்பது அவர் வகுத்த வழி.

மேகநாத் சாகா இதை எதிர்த்தார். அவர் யார்? டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகன். வறுமையோடும் சாதி இழிவோடும் மல்லுக்கட்டிப் படித்து உலகம் மதிக்கும் விஞ்ஞானியானவர். கல்கத்தாப் பல்கலைக் கழகத்திலேயே அணு பௌதிக நிலையம் ஒன்றைக் கட்டினார். 1950ல் அதைத் திறந்து வைத்தவர், ரேடியம் கண்ட மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி. 1952ல் சாகா காங்கிரசைத் தோற்கடித்து லோக்சபைக்குப் போனார். பல்கலைக் கழகங்களில் விஞ்ஞானிகளைப் பயிற்றுவிக்க வேண்டும், ரகசியத் திரை விலக வேண்டும் என்று வாதாடினார்.

ஜெயித்தது பாபாவின் வழி. அதனால் பலனே இல்லையா? அப்படிச் சொன்னால் பொய். 1956ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கியது. 1983ல் நம் கல்பாக்கத்தில், நம் நாட்டு இன்ஜினியர்களும் தொழிலாளர்களும் கட்டிய மின் நிலையம் உயிர் பெற்றது. இது பெருமைதான். ஆனால் அணு விஞ்ஞானம் சுற்றுச்சுவருக்குள்ளே வளர்ந்தது. வெளியே பல்கலைக் கழகங்கள் மெலிந்தன.

மதுரையைப் பாருங்கள்

1966ல் பிறந்தது மதுரைப் பல்கலைக் கழகம். பின்னால் காமராசர் பெயரைத் தாங்கியது. சுற்று வட்டாரத்துச் சம்சாரி, கூலிக்காரர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய இடம். 2024ல் அங்கே என்ன நடந்தது? ஆசிரியர்களும் ஊழியர்களும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல், ஓய்வு பெற்றவர்கள் பென்ஷன் இல்லாமல், போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சம்பளத்துக்கே வழியில்லாத இடத்தில் ஆராய்ச்சி எங்கிருந்து வளரும்?

இதனால் படிப்பு மட்டுமா கெடுகிறது? தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை நினைத்துப் பாருங்கள். மலையைக் குடைந்து நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்க, 2015 ஜனவரியில் 1,500 கோடி ரூபாய் அனுமதித்தார்கள். அது அணு உலை அல்ல; ஆனால் பணம் தரவிருந்தவற்றில் அணுசக்தி இலாகாவும் ஒன்று. மலை என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று ஜனங்கள் கேட்டார்கள். பதில் சொல்ல வந்தவர்கள் திட்டத்தை நடத்துகிறவர்களே! வாதியே நீதிபதியானால் ஊர் நம்புமா? 2017ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு மத்திய சர்க்கார் மீண்டும் அனுமதி தந்தது. 2022ல் தமிழக அரசு இத்திட்டம் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. அளந்து பார்த்து, யாருக்கும் பயப்படாமல் "இது உண்மை, இது வீண் பயம்" என்று சொல்லும் பலமான சோதனைச் சாலை மக்களின் பல்கலைக் கழகத்தில் இருந்திருந்தால், மக்களும் ஏமாற மாட்டார்கள், விஞ்ஞானமும் தோற்காது.

இனி யார் சோதிப்பது?

இனிமேல் இந்தத் தேவை இன்னும் பெரிது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு அணு மின்சாரத் துறையில் வழி திறந்துவிட்டது. பழுதான சாமானால் விபத்து நேர்ந்தால் அதை விற்ற கம்பெனியைக் கேட்க 2010 சட்டம் தந்த உரிமையும் போய்விட்டது. லாபம் முதலாளிக்கு, கதிர்வீச்சு காண்ட்ராக்ட் தொழிலாளிக்கா? அவன் உடம்பை, கடல் நீரை, மண்ணைச் சோதிப்பது யார்? கம்பெனி சம்பளம் கொடுக்கும் டாக்டரா?

விஞ்ஞானத்துக்குப் பணம் திரட்ட 2023ல் சட்டம் போட்டு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தார்கள். ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் ஏறக்குறைய 36,000 கோடி தனியாரிடமிருந்து வரும் என்று கணக்குக் காட்டினார்கள். பணம் கொடுப்பவன் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்றும் சொல்ல மாட்டானா?

முதலாளித்துவ அமெரிக்காவில்கூட, 2009 முதல் அதன் எரிசக்தி இலாகா அணுசக்தி ஆராய்ச்சிப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை பல்கலைக் கழகங்களுக்கு என்று திட்டம் வைத்து நடத்தியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 20,000 கோடியில் ஐந்தில் ஒன்று 4,000 கோடி!

பல்கலைக் கழகங்களும் குற்றமற்றவை அல்ல. வேண்டியவருக்கு வேலை, வேண்டாதவருக்கு வாசற்படி என்ற நோய் அங்கேயும் உண்டு. ஆகையால் பணம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்:

அணு ஆராய்ச்சிப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசாங்கப் பல்கலைக் கழகங்களுக்குச் சட்டப்படி ஒதுக்கு!

ஆராய்ச்சி மாணவர் சம்பளத்தை மாதந்தோறும் கொடு. இட ஒதுக்கீட்டை அமல் நடத்து!

தொழிலாளர் உடல்நலமும் சுற்றுப்புறமும் பற்றிய சோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிடு!

கூலிக்குப் போராடும் அதே கைதான் இதற்கும் உயர வேண்டும். களையெடுக்கும் அக்காவின் மகள் கதிர்வீச்சை அளக்கும் கருவியைக் கையில் எடுக்கும் நாளில்தான் அணு நம்முடையதாகும். அந்தப் பெண்ணைத் திருப்பூர் பஸ் ஏற விடலாமா? சொல்லுங்கள் தோழர்களே!