கைப்பேசிக்கு முன் பென்சிலை எடுங்கள்

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் சுங்கை பஞ்சாங்கிலிருந்து கோலா சிலாங்கூருக்குப் போனால் கைப்பேசி நிறையப் படங்களோடு திரும்புகிறீர்கள். அவற்றில் எத்தனையை மறுபடி பார்க்கிறீர்கள்? போன இடத்தில் அமர்ந்து ஒரு செடியையோ கட்டடத்தையோ வரைவதுதான் அறிவியல் மாணவருக்கு அதிகப் பயன் தரும் என்பேன்.

சிலாங்கூர் ஆற்றோரம் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரத்தைப் பாருங்கள். படம் பிடிக்க ஒரு நொடி போதும். வரைய உட்கார்ந்தால், சேற்றிலிருந்து ஆணிபோல் மேல்நோக்கி நிற்கும் வேர்களை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். அப்போதுதான் கேள்வி எழும்: வேர் ஏன் மேலே வளர்கிறது? அந்தச் சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. வெளியே நீண்ட வேர்கள் அதைக் காற்றிலிருந்து பெறுகின்றன.

கட்டடமும் அப்படியே. புக்கிட் மலாவத்தியின் கலங்கரை விளக்கம் 1907இல் கட்டப்பட்டது. அதைக் குன்றோடு சேர்த்து வரையுங்கள். ஏன் குன்றின் மேல்? பூமி வளைந்திருப்பதால், விளக்கு உயர உயர அதன் ஒளி தொலைவிலுள்ள கப்பலுக்கும் தெரியும்.

“படமே துல்லியமாக இருக்கிறதே” என்று கேட்பீர்கள். பூ, காயின் குறுக்குவெட்டு, இலையின் அடிப்புறம் ஆகிய மூன்றையும் கோட்டுப்படம் ஒரே தாளில் காட்டும். அதனால்தான் புதிய தாவர இனத்தை அறிவிக்கும்போது தாவரவியலாளர்கள் இன்றும் கோட்டுப்படம் சேர்க்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற மருத்துவரின் தாவர நூல்களுக்கு வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்னும் நம்மூர் ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார்.

“எனக்கு வரைய வராது” என்று ஒதுங்காதீர்கள். இது ஓவியப் போட்டி அல்ல. நிழல் தீட்ட வேண்டாம். தெளிவான கோடு, உறுப்புகளின் பெயர், அடிக்கோலால் எடுத்த அளவு, இடம், தேதி, நேரம் இருந்தால் போதும். எதையும் பறிக்காதீர்கள்.

தொலைவில் போக முடியாதவர்கள் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். பல லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. தூண்மேல் நின்ற பலகை வீடு, தகரக் கூரை, வாசல் முருங்கை எல்லாம் அவற்றோடு போகின்றன. தூண் எத்தனை அடி, சன்னல் எந்தப் பக்கம், வீட்டுக்கு அடியில் காற்று எப்படிப் போனது என்று அளந்து எழுதியவர் யார்? எஞ்சி நிற்கும் லயம் ஒன்றையாவது இந்த விடுமுறையில் அளவோடு வரையுங்கள். இடிந்துபோயிருந்தால், பாட்டியிடம் கேட்டு வரையுங்கள்.