நிழலில் நின்ற சிறுவன்



மதரஸா ஆசிரியனுக்கும் புகைப்படக் கலைக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் வினவக்கூடும். படமெடுப்பது பற்றிய மார்க்கச் சர்ச்சைக்குள் நான் நுழையவில்லை. ஒரு மனிதனின் கண்ணைப் பழக்குவது எது என்பதே இம்மாதம் என் பேச்சு.

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் 1944-இல் பிறந்தவர் செபாஸ்தியோ சல்காடோ. தந்தையார் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். வெயில் தாளாத மேனியாதலால் சிறுவன் நிழலில் ஒதுங்கி நிற்பான். தந்தையோ ஒளியை முதுகில் தாங்கி அவனை நோக்கி வருவார். வெளிச்சத்திற்கு எதிர்முகமாக நின்று படமெடுக்கும் தம் வழக்கம் அங்கேதான் பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறினார்.

படித்தது பொருளாதாரம். இராணுவ ஆட்சியின் நெருக்கடியால் 1969-இல் மனைவி லெலியாவுடன் பிரான்சு சென்றார். மனைவி தம் கட்டடக் கலைப் படிப்புக்காக வாங்கிய கேமராவைக் கையில் எடுத்தவர், 1973-இல் உத்தியோகத்தையே உதறிவிட்டார்.

எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுபவர் அல்லர் அவர். 1986-இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில், மண்மூட்டை சுமந்து ஏணியேறும் பல்லாயிரவரிடையே வாரக்கணக்கில் தங்கினார். அதற்கு முன்பே, 1984-85-இல், சாஹெல் பஞ்சத்தைப் படமெடுத்திருந்தார். மாலியிலும் சூடானிலும் அவர் படங்களில் நாம் காணும் மெலிந்த முகங்களுள் நம் சமுதாயத்தவர் பலர். துயரத்தை அழகாக்குகிறார் என்று அவரைக் கண்டித்தோர் உண்டு. படத்திலுள்ள ஏழைகளுக்குப் பெயர் இல்லையே என்று 2003-இல் சூசன் சான்டாக் எழுதினார். அக்குறை நியாயமானதே என்பது என் கருத்து. முகத்தைப் பெற்றுக்கொண்டவர் பெயரையும் கேட்டிருக்கலாம்.

1994-இல் ருவாண்டாவில் மனிதன் மனிதனைக் கொன்று குவித்ததைக் கண்டபின் அவர் நோயுற்றார். உடலில் வியாதி இல்லை. கண்ட மரணங்களே உங்களை அழிக்கின்றன, இத்தொழிலை நிறுத்துங்கள் என்றார் மருத்துவர். கேமராவை வைத்துவிட்டுப் பெற்றோரின் பண்ணைக்குத் திரும்பினார். அவருடைய இளமையில் அந்நிலத்தில் பாதிக்கு மேல் காடு. திரும்பியபோதோ அது ஏறத்தாழ முற்றிலும் அழிந்து, மண் அரித்துக் கிடந்தது. காட்டை மீண்டும் வளர்ப்போம் என்றார் லெலியா. 1998-இல் அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். நடப்பட்ட மரங்கள் 20 இலட்சத்தைத் தாண்டின. நீரூற்றுகளும் பறவைகளும் திரும்பின.

கன்றுகள் தழைத்த பிறகே கேமராவைத் தொடும் ஆசை மீண்டது. 2004-இல் அவர் சென்றது கலாபகோஸ் தீவுகளுக்கு. அங்கே ஒரு பெரும் ஆமை, அவர் நெருங்கும்போதெல்லாம் விலகிச் சென்றது. அறுபது வயதுக்காரர் முழங்காலும் உள்ளங்கையும் தரையில் ஊன்றி ஆமையின் உயரத்திற்குத் தாழ்ந்தார். சற்றுப் பின்வாங்கியும் காட்டினார். அதன்பின் ஆமையே அவரை நோக்கி நடந்து வந்தது.