முற்றமே அரங்கம், பாட்டனே அண்ணாவி

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபொழுது, பாடசாலைகள் மூடப்பட்டு ஒரு வாரம் கழிந்திருந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சி வீடுகள் அடைபட்டுக் கிடந்த அந்நாட்களிலே, நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே பாடங் கேட்கலாயினர். தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளையும், அலைவரிசை எட்டாத வன்னிக் கிராமத்துப் பிள்ளையும் அதனையும் இழந்தனர். கணிதம் வந்தது, விஞ்ஞானம் வந்தது, ஆங்கிலமும் வந்தது. ஆடலும் பாடலும் நாடகமுமோ ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கப்பட்டன.

அடைத்த வீட்டுக்குள்ளே, கருவியும் கட்டணமும் இன்றிக் கற்பிக்கத்தக்க பாடம் எது? கலையன்றோ! அதனையே முதலிற் கைவிட்டோம் என்பதை எவர் மறுப்பர்?

வசந்தன் கூத்தை எடுத்துக்கொள்வோம். சிறுவர் கோலேந்தி வட்டமாய் நின்று ஆடும் ஆட்டம் அது. மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டிலேயே திரட்டி நூலாக்கித் தந்துவிட்டார். ஒருவர் ஓர் அடியைப் பாட, ஏனையோர் அதனைத் திருப்பிப் பாடிக் கோலடிக்க வேண்டும். வேலியிலே நிற்கும் பூவரசிற் சில தடிகளை முறித்தாற் கோல் ஆயிற்று. மெட்டறிந்த பாட்டனார் திண்ணையில் இருப்பாராயின் அண்ணாவியாரும் ஆயிற்று. நோய்க்கு அஞ்சி வெளியே செல்லாதிருக்குமாறு முதியோரைப் பணித்தோம். அவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டியதைக் கேட்டோமா?

தாளம் இதனினும் எளிது. தந்தை ‘தகிட’ என மூன்று மூன்றாகக் கைதட்டட்டும். பிள்ளை ‘தகதிமி’ என நான்கு நான்காக அடிவைத்து நடக்கட்டும். பன்னிரண்டு எண்ணி முடிந்ததும் இருவரும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குவர். பொது மடங்கு என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளை தன் காலாலே அறிந்துகொள்ளும். கலை படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சும் உத்தியோகத்தர் வீட்டார் இதனை ஒருமுறை செய்து பார்ப்பாராக.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளியை நடிப்பதற்குப் பழஞ் சட்டையொன்றும் உடைந்த சட்டியொன்றும் போதும். விளைந்த மரக்கறியைச் சந்தைக்கு அனுப்ப வழியின்றிக் கமக்காரர் கலங்கி நின்ற அந்த நாட்களிலே, அப்பாடலுக்குரிய அரங்கு அவர் தோட்டத்திலேயே இருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ ஆகியவை மேடைக்கென எழுந்த சிறுவர் நாடகங்களே. ஆயினும் அவற்றை விறாந்தையிலே வாசித்து நடிப்பதை எந்தச் சட்டம் தடுத்தது?

பிள்ளைகளின் மனநிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்கூலி நின்ற வீட்டிலே தாய் தந்தையரின் கலக்கம் பிள்ளையைத் தொடாமல் இராது. நோயை அரக்கனாக வேடங்கட்டி ஆடும் பிள்ளை, வாயாற் சொல்லவியலாத அச்சத்தை உடலாற் சொல்லிவிடும்.

ஆனால், நடன உடை வாங்கி, அரங்கேற்றம்போல ஒப்பனை செய்து, பிள்ளை இரண்டடி வைத்ததும் தொலைபேசியை நீட்டிப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பும் ஆடம்பரத்தை நாம் வேண்டவில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கென ஒரே அசைவை மாதக்கணக்கிற் பயிற்றிப் பரிசு கிட்டாவிடிற் பிள்ளையைக் கண்ணீருடன் வீடு சேர்ப்பிக்கும் வழக்கமே போதாதா? வீட்டிலே நடுவர் இல்லை. தாளம் பிழைத்தால் அம்மம்மா சிரிப்பார். பிள்ளையும் சிரித்து மறுபடி தொடங்கும்.

இஃது அவ்வாண்டுடன் முடிந்த கதையன்று. 2021இலும் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. 2022இலே எரிபொருள் தட்டுப்பாடு மூடியது. 2025 நவம்பரிலே டித்வா புயலும் வெள்ளமும் மூடின. ஒவ்வொரு முறையும் கணிதப் பயிற்சித்தாளுக்கே வழி தேடப்படுகின்றது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கல்வித் திணைக்களங்கள், சங்கீத, நடன, நாடக ஆசிரியர்களையும் ஊர் அண்ணாவிமாரையும் இப்பொழுதே ஒருங்கழைத்து, வீட்டிலே செய்யத்தக்க ஆடல் பாடல்களைக் கொண்ட சிறு கைந்நூலொன்றை ஆக்குவித்தல் வேண்டும். அலைவரிசை எட்டாத வீட்டுக்கும் அது சென்று சேர வேண்டுமாதலின், கடதாசியிலேயே அச்சிடப்படல் வேண்டும்.