பாடநூலில் ஒரு சாட்டை

'அரசியலமைப்பு' என்று எழுதப்பட்ட நத்தையின் மேல் கையில் சாட்டையுடன் அம்பேத்கர். பின்னால் சாட்டையை ஓங்கியபடி நேரு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். 1949 ஆகஸ்டில் 'சங்கர்ஸ் வீக்லி'யில் சங்கர் வரைந்த இந்தக் கேலிச்சித்திரத்தை, 2006-இல் என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் சேர்த்தது. 2012 மே 11 அன்று மக்களவையில் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர் சிதம்பரம் உறுப்பினர் தொல். திருமாவளவன்.

அமைச்சர் கபில் சிபல் அன்றே மன்னிப்புக் கேட்டார். பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் விலகினர். மறுநாள் புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் கருத்துச் சுதந்திரம் பற்றிய விவாதத்தில், படம் ஏன் வலித்தது என்ற கேள்வி அமுங்கிப்போனது.

சட்டம் எழுதும் பணி மெதுவாக நடக்கிறது என்பதே சங்கரின் கிண்டல். நேருவின் சாட்டை நத்தைக்குத்தான் என்று வாதிடலாம். ஆனால் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த கீழத்தஞ்சைப் பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சாட்டையை வேறு விதமாகத்தான் பார்ப்பார்கள். அந்தச் சாட்டைக்கு முன்னால் இருப்பவர் யார் என்பதும் முக்கியம். பள்ளியில் தனியாகக் கோணியில் உட்கார வைக்கப்பட்டு, பியூன் ஊற்றினால் மட்டுமே தண்ணீர் குடிக்க முடிந்த சிறுவன் அம்பேத்கர். அவர் தலைமையில் வரைவான சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 29(2) பிரிவு, அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் சாதியைச் சொல்லி இடம் மறுப்பதைத் தடுத்தது.

இது ஒற்றைப் படத்தின் சிக்கலும் அல்ல. 1932 முதல் 1948 வரை ஆங்கில ஏடுகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உண்ணமதி சியாம சுந்தர் 2019-இல் நூலாகத் தொகுத்தார். பென்சில் யார் கையில் இருந்தது என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது.

அமெரிக்காவில் அந்தப் பென்சில் கருப்பின மக்கள் கையிலும் இருந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் வெள்ளையர் கும்பல்கள் பள்ளி வாசலை மறித்தன. கருப்பின ஏடுகளின் ஓவியர் ஆலிவர் ஹாரிங்டன் ஒரு படத்தில், ஒரு சின்னப் பையனை மழலையர் பள்ளியில் சேர்க்கத் தளபதிகள் டாங்கிகளோடு போர்த்திட்டம் தீட்டுவதாக வரைந்தார். சிரிப்பு முழுவதும் மறிப்பவர்கள் மேல் விழுகிறது; பையன் மேல் துளியும் விழவில்லை. இந்திய நாளேடுகளில் தலித் ஓவியருக்கு அப்படியொரு இடம் கிடைக்கவில்லை.

2012 ஜூனில், இந்தி எதிர்ப்பு மாணவர்களைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த ஆர்.கே. லட்சுமணன் படத்தை நீக்கக் கோரினார் கருணாநிதி. பாடநூல் படங்களை மறுஆய்வு செய்த சுகதேவ் தோரட் குழு பல படங்களை நீக்கப் பரிந்துரைத்தது. அக்குழுவில் இருந்த தமிழ் அறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் உடன்படாமல் மறுப்புக் குறிப்பு எழுதினார். அவர் சொன்னதே சரி. நீக்குவதற்குப் பதிலாக, சங்கரின் படத்துக்குப் பக்கத்தில் ஹாரிங்டனையும் வைத்து, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மாணவரிடம் கேட்கும் ஒரு பாடம் எழுதியிருக்க முடியும்.