யார் முதலில் சுட்டது? கண்ணாடியும் ஒரு சாட்சி

காரில் இருந்தவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தால், முதலில் சுட்டது யார் என்பதில்தான் சர்ச்சை தொடங்குகிறது. அதற்குக் காரின் முன்கண்ணாடி பதில் சொல்லக்கூடும்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால், தோட்டா துளைத்தாலும் அது உதிர்ந்துவிடுவதில்லை. துளை பொதுவாகத் தோட்டா வெளியேறிய பக்கம் அகன்றிருக்கும். அடுத்த தோட்டாவின் விரிசல் முந்தைய விரிசலைத் தொட்டதும் நின்றுவிடும். ஆக, சுட்ட திசையும் வரிசையும் அதிலேயே பதிவாகின்றன.

சரிவான கண்ணாடியில் பட்ட தோட்டா உருக்குலையும், பாதையும் மாறும். காயத்தை மட்டும் பார்த்துச் சுட்டவர் நின்ற இடத்தை முடிவுசெய்ய முடியாது.

ஆகவே, தடயவியல் சோதனை முடியும்வரை காரைக் கண்ணாடியோடு அப்படியே பாதுகாக்கும்படி குடும்பத்தார் வழக்கறிஞர் மூலம் உடனே எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும்.