போவது யார்?

"அம்மா வரச் சொன்னாள்" என்றால் வர வேண்டியவர் நாம். "அம்மா வருவதாகச் சொன்னாள்" என்றால் வரப் போகிறவள் அம்மா. இந்த வித்தியாசத்தை நம் குழந்தைகளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. சொல்லின் உருவமே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. எங்கும் 'டு கோ' என்ற ஒரே உருவம்தான். போகிறவர் யார் என்று நாம்தான் துப்புத் துலக்க வேண்டும்!

'சீதா டோல்ட் ராதா டு கோ' என்றால் போக வேண்டியவள் ராதா. 'சீதா பிராமிஸ்ட் ராதா டு கோ' என்றால் போகப் போகிறவள் சீதா! மாறியது ஒரு சொல்தான். ஆளே மாறிவிட்டாள், பார்த்தீர்களா?

'டு'வுக்கு முன்னால் ஒருவர் பெயர் நின்றால், பெரும்பாலும் அவர்தாம் காரியத்தைச் செய்கிறவர். பெயர் இல்லையேல் வாக்கியத்தின் எழுவாயே செய்கிறவர்: 'சீதா வான்ட்ஸ் டு கோ'. இந்த விதிக்கு அடங்காத பிள்ளை 'பிராமிஸ்'. வாக்குக் கொடுத்தவர்தானே அதைக் காப்பாற்ற வேண்டும்?

வீட்டுக்குப் போக அனுமதி கேட்ட சிறுமி, 'ஐ ஆஸ்க்ட் த டீச்சர் டு கோ ஹோம்' என்று எழுதினால் என்ன ஆகும்? டீச்சரையே வீட்டுக்குப் போகச் சொன்னதாக அல்லவா படிக்கிறவருக்குத் தோன்றும்! 'இஃப் ஐ குட் கோ ஹோம்' என்று முடித்தால் வம்பில்லை.

ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள குழந்தைகளும் இதில் தடுமாறுவதுண்டு. அமெரிக்காவில் காரல் சாம்ஸ்கி என்ற பெண்மணி, ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளைச் சோதித்து, 1969-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கண்ணைக் கட்டிய பொம்மை ஒன்றைக் காட்டி, "இந்த பொம்மை ஈஸி டு ஸீயா, ஹார்ட் டு ஸீயா?" என்பது போலக் கேட்டார். பார்க்க வேண்டியவர் நாம். ஆகவே 'ஈஸி' என்பதே சரி. சின்னக் குழந்தைகள் பலர் பொம்மைதான் பார்க்க வேண்டும் என்று எண்ணி 'ஹார்ட்' என்றார்கள்! 'பிராமிஸ்'ஸிலும் இதே குழப்பம்தான். வயது ஏற ஏறத் தெளிவு வந்தது.

ஆகையால், வீட்டுப் பாடத்தில் உங்கள் குழந்தை இங்கே இடறினால் தலையில் குட்டாதீர்கள். "இதைச் செய்கிறது யார்?" என்று கேளுங்கள். பிறகு வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'போகச் சொன்னாளா', 'போவதாகச் சொன்னாளா' என்று தீர்மானிக்காமல் தமிழில் வாயே திறக்க முடியாது. ஒளிந்திருந்த ஆசாமி தானே வெளியே வந்துவிடுவார்!