டாக்டர்கள் கடல் கடக்கலாமா?

இந்நாட்டில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர்கள் இந்நாட்டிலேயே இருந்து தொழில் நடத்த வேண்டுமா, அல்லது இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களுக்குப் போய்ச் சம்பாதிக்கலாமா என்பது பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நடந்து வருகின்றன. ஒரு கூட்டத்தார், போகின்றவர்களையெல்லாம் தேசத் துரோகிகள் என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "அவனவன் மூளை, அவனவன் சாமர்த்தியம்; இதில் கேள்வி கேட்க யாருக்கு என்ன பாத்தியதை?" என்கின்றார்கள். இந்த இரண்டு பேச்சிலும் அரைப்பங்கு உண்மையும் அரைப்பங்கு புரட்டும் கலந்திருப்பதாகவே நமக்குப் படுகின்றது. ஆதலால் இதைச் சற்று விபரமாய் யோசிப்போம்.

முதலாவது, கடல் கடப்பதே பாவம் என்று சொன்ன நாடு இது. 1888-ல் காந்தி பாரிஸ்டர் படிப்புக்கு இங்கிலாந்து புறப்பட்டபோது அவருடைய சாதியார் பம்பாயில் கூட்டம் போட்டு அவரைச் சாதிக்குப் புறம்பாக்கினார்கள். 1883-ல் ஆனந்திபாய் ஜோஷி என்கின்ற பெண் வைத்தியம் படிக்க அமெரிக்காவுக்குப் போனபோது வைதீகர்கள் தூற்றாத தூற்றலில்லை. அந்த அம்மையார் 1886-ல் பட்டம் பெற்று, கோல்ஹாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு வைத்தியம் செய்ய ஒப்புக்கொண்டு திரும்பி வந்து, வேலையில் அமருவதற்கு முன்பாகவே 1887-ல் 21 வயதில் இறந்து போனார். அவர் போனதால் தேசத்துக்கு நஷ்டமா, போகாமல் அடுப்பங்கரையிலேயே இருந்திருந்தால் தேசத்துக்கு லாபமா என்று கேட்கின்றோம்.

அது மாத்திரமல்ல, மனுதர்மத்தை எடுத்துப் பார்த்தால் வைத்தியனைச் சிராத்தத்துக்கு அழைக்கக்கூடாது என்றும், அவன் வீட்டுச் சோறு உண்ணத் தகாதது என்றும் எழுதி வைத்திருப்பதைக் காணலாம். நோயாளியைத் தொடுகின்றவன் தீட்டுப்பட்டவன் என்பதுதான் இதன் தாத்பரியம். இப்படிப்பட்ட சாஸ்திரத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய கூட்டம், இன்று டாக்டர் கப்பலேறினால் "ஐயோ, தேசம் கெட்டது!" என்று ஓலமிடுவது வேடிக்கையல்லவா? மனிதன் பிழைப்புக்கும் அறிவுக்கும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஒருவன் பிறந்த இடம் அவன் காலுக்கு விலங்கல்ல.

சென்னை மெடிக்கல் காலேஜில் 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1925-ல் லண்டனுக்குப் போய்ப் படித்துத் திரும்பினார். சட்டசபையில் தேவதாசி ஒழிப்புக்குப் போராடினார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்படக் காரணமாயிருந்தார். அக்கரைக்குப் போனதினாலே அவர் கெட்டுப் போய்விட்டாரா?

நிற்க. போக உரிமை உண்டு என்பதாலேயே கடன் கிடையாது என்று ஆகிவிடாது. சர்க்கார் மெடிக்கல் காலேஜில் படிக்கின்ற மாணவன் வருஷத்துக்குக் கொடுக்கும் பீஸ் சில ஆயிரம் ரூபாய். அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் சம்பளம், கட்டிடம், கருவி எல்லாம் யார் பணம்? தீப்பெட்டி வாங்குகின்ற ஒவ்வொரு கூலிக்காரனும் கொடுத்த வரிப்பணம். பணம் மட்டுமா? அவன் ஊசி குத்திப் பழகியது யார் கையில்? பிரசவம் பார்த்துப் பழகியது யார் வயிற்றில்? அறுத்துப் படித்தது யார் பிணம்? பணக்காரன் உடம்பில் எந்த மாணவனும் கைபழக விடமாட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஏழையின் உடம்பே டாக்டருக்குப் புஸ்தகம். அந்தப் புஸ்தகத்தைப் படித்து முடித்தவுடன் மூடி வைத்துவிட்டு விமானம் ஏறுகின்றவனைப் பார்த்து, "அப்பா, கடனைத் தீர்த்துவிட்டுப் போ" என்று சொல்ல அந்த ஏழைக்குப் பாத்தியதை இல்லையா?

ஆனால் கடன்காரர்கள் எல்லாரும் ஒரே ரகமல்ல. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய்க்கு மேல் பீஸ் வாங்குகின்றார்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் படித்து வந்தவனிடம் போய்த் தியாகம் செய் என்றால் அவன் சிரிக்கமாட்டானா? படிப்பைக் கடைச்சரக்காக்க அனுமதி கொடுத்தவர்கள், வாங்கியவன் அதை நல்ல விலைக்கு விற்கப் போகும்போது மட்டும் தர்மம் பேசுவது என்ன நியாயம்?

டாக்டர்களை அழைத்துக் கொள்ளும் தேசங்களின் யோக்கியதையையும் பார்ப்போம். இங்கிலாந்தில் 1948-ல் எல்லா ஜனங்களுக்கும் இலவச வைத்தியம் என்கின்ற பெருந்திட்டம் ஏற்பட்டது. மெச்ச வேண்டிய காரியந்தான். ஆனால் அதை நடத்த ஆள் போதவில்லை. வெள்ளை டாக்டர்கள் விரும்பாத கிழவர் ஆஸ்பத்திரி, பைத்தியக்கார ஆஸ்பத்திரி, வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்கள் ஆகியவற்றையெல்லாம் இந்தியா முதலிய நாடுகளிலிருந்து போனவர்களே தாங்கி நின்றார்கள். வேண்டிய மட்டும் அழைத்துக் கொண்டு, 1975-ல் இந்தியப் பட்டங்களுக்கு இருந்த அங்கீகாரத்தை நிறுத்திப் பரீட்சை வைத்தார்கள். பிறகு ஆள் குறைந்தபோது மறுபடியும் கதவைத் திறந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே முதன்முதலில் உயிர் கொடுத்த டாக்டர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து போனவர்களே. இப்பொழுதோ, பரீட்சையில் தேறியும் வேலை கிடைக்காமல் காத்துக் கிடக்கின்றவர்கள் பலர் என்று கேள்விப்படுகின்றோம். அமெரிக்காவில் 2025 செப்டம்பரில், வெளியிலிருந்து வேலைக்கு வருகின்றவர்களுக்கான ஒருவகை விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு போட்டார்கள். தேவைப்படும்போது "வா அண்ணா", தேவை தீர்ந்தபோது "போ அன்னியனே" என்பதுதான் அங்குள்ள மரியாதை. அக்கரைப் பச்சையைப் பார்த்து மயங்குகின்ற இளைஞர்கள் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டும்.

இதில் மற்றொரு வேடிக்கை இருக்கின்றது. மேற்படிப்புக்காக அமெரிக்கா போகின்ற அந்நிய டாக்டர்களில் ஒரு வகையார், படிப்பு முடிந்ததும் 2 வருஷமாவது சொந்த நாட்டில் வந்து இருக்கவேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்லுகின்றது. "இவர் திரும்பி வரவேண்டிய கடமை இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட்டை டாக்டர்களுக்குக் கொடுப்பதில்லை என்று 2011-ல் இந்திய சர்க்காரும் முடிவு செய்தார்கள். ஆனால் அமெரிக்காவில் 1994-ல் ஒரு சந்து திறந்து வைக்கப்பட்டது. டாக்டர் இல்லாத பட்டிக்காட்டிலோ, ஏழைகள் வசிக்கும் பகுதியிலோ 3 வருஷம் வேலை செய்தால் திரும்பிப் போகவேண்டாம் என்பதே அது. இதற்கு என்ன அர்த்தம்? தர்மபுரி மலையடிவாரத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லுகின்ற நம்முடைய டாக்டர், அமெரிக்கப் பட்டிக்காட்டுக்குச் சந்தோஷமாய்ப் போகின்றார் என்பதுதானே! ஆகவே டாக்டர்களுக்குப் பட்டிக்காடு பிடிக்காது என்பது பொய். மரியாதையும், பாதுகாப்பும், கூலியும், அடுத்த படிக்கு வழியும் இருந்தால் எந்தப் பட்டிக்காட்டுக்கும் போவார்கள்.

இங்கே நம் சர்க்கார்கள் நடத்துகின்ற காரியம் என்ன? 2019 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் டாக்டர்கள் சம்பளம், பதவி உயர்வு முதலியவைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்நின்றவர்களைத் தூர இடங்களுக்கு மாற்றினார்கள். 2020-ல் ஐகோர்ட்டு அந்த மாற்றல்களை ரத்து செய்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, தூர ஊருக்குப் போவது என்பது சர்க்கார் கண்ணிலேயே தண்டனையாயிருக்கின்றது என்பதாகும். ஆள்பவர்களே கிராமத்தை ஜெயிலாக நினைத்தால், டாக்டர் அதைச் சொர்க்கமாக நினைப்பானா?

அன்றியும், 2024 ஆகஸ்டில் கல்கத்தா சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலையிலிருந்த இளம் பெண் டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கற்பழித்துக் கொல்லப்பட்டார். அதே வருஷம் நவம்பரில் சென்னை கிண்டி சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினான். ஆஸ்பத்திரியில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கின்றது. சட்டம் ஏட்டில் இருந்து என்ன பயன்? இங்கே பொதுஜனங்களாகிய நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டவுடன் வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, மந்திரவாதிக்குக் கோழி கொடுத்து, எல்லாம் தோற்றபின் சாகுந் தறுவாயில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகின்றோம். பிழைத்தால் "சாமி காப்பாற்றினார்" என்று உண்டியலில் போடுகின்றோம். செத்தால் டாக்டரை அடிக்கின்றோம். புகழ் சாமிக்கு, உதை டாக்டருக்கு என்றால் எந்த மானமுள்ள மனிதன் இங்கே இருப்பான்?

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டாக்டர் உள்நாட்டில் இருக்கின்றாரா, வெளிநாட்டில் இருக்கின்றாரா என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. அவர் யாருக்குக் கிடைக்கின்றார் என்பதே முழுக் கேள்வி. சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, அந்நிய தேசத்திலிருந்து வருகின்ற பணக்கார நோயாளிக்கு வைத்தியம் செய்கின்ற டாக்டர் தேசத்தை விட்டுப் போகவில்லைதான். ஆனால் கல்வராயன் மலையில் பிரசவ வேதனைப்படுகின்ற பெண்ணுக்கு அவர் லண்டனில் இருந்தாலென்ன, சென்னையில் இருந்தாலென்ன? அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே தூரந்தான். 1984-ல் முதல் மந்திரியாயிருந்த எம்.ஜி.ஆர். நோயுற்றபோது அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், உயிர் பிழைத்தார். நல்ல காரியந்தான். ஆனால் பெரிய மனிதர்கள் வைத்தியத்துக்குக் கடல் கடக்கலாம், டாக்டர்கள் வேலைக்குக் கடல் கடக்கக்கூடாது, ஏழை மட்டும் பக்கத்து ஊருக்குக்கூடப் போக வழியில்லாமல் சாகலாம் என்றால் இது என்ன நீதி?

வழி இல்லாமல் போய்விடவில்லை. தர்மபுரி ஜில்லா சித்தேரி மலைப்பக்கம் சிட்டிலிங்கி என்கின்ற பள்ளத்தாக்கில் 1993-ல் ஒரு டாக்டர் தம்பதிகள் போய்க் குடிசை போட்டு வைத்தியம் ஆரம்பித்தார்கள். மலைசாதிப் பெண்களுக்கே பழக்கிக்கொடுத்து அவர்களையே நர்சுகளாகவும் சுகாதார ஊழியர்களாகவும் ஆக்கினார்கள். குழந்தைச் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் இப்படிப்பட்ட இரண்டொருவர் தியாகத்தை நம்பி ஒரு தேசம் உட்கார்ந்திருக்க முடியாது. தியாகம் என்பது அபூர்வச் சரக்கு. ஏற்பாடுதான் தினசரிச் சோறு.

அந்த ஏற்பாடும் நம்மிடம் இருந்தது. சர்க்கார் வேலையில் கிராமத்தில் உழைத்த டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் ஒதுக்கி வைத்திருந்ததினாலேயே, இளம் டாக்டர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போனார்கள். படித்துவிட்டு ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்குத் திரும்பியும் வந்தார்கள். அதற்கு நடுவில் இடையூறு வந்து, 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு மாகாணங்களுக்கு அந்த அதிகாரம் உண்டென்று தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. அதே 2020-ல் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 100-க்கு 7½ இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இதை யாரும் பிச்சை என்று நினைக்க வேண்டாம். கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையே டாக்டரான பிறகும் கிராமத்தில் தங்குகின்றது என்பதை உலக சுகாதார ஸ்தாபனமே 2010-ல் எடுத்துச் சொல்லி, அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கும்படி யோசனை கூறியிருக்கின்றது. பெருந்தொகை கட்டித் தனிப்பயிற்சிக் கடையில் வருஷக்கணக்காய் உட்காரக்கூடியவனுக்கே அனுகூலமாயிருக்கின்ற நீட் பரீட்சையைக் கட்டி அழுதுகொண்டு, "கிராமத்துக்கு டாக்டர் வரவில்லையே" என்று புலம்புவதில் என்ன பிரயோஜனம்? வேப்பங்கொட்டையை ஊன்றிவிட்டு மாம்பழம் எதிர்பார்க்கலாமா?

ஆதலால் நாம் சொல்லுவது இவ்வளவுதான்:

1. எந்த டாக்டரையும் என்றென்றைக்கும் போகக்கூடாது என்று கட்டிப்போடக் கூடாது.

2. பொதுப்பணத்தில் படித்தவர் குறித்த காலம் பொதுஜனங்களுக்கு உழைக்க வேண்டும்; முடியாதென்றால் செலவைத் திருப்பித்தர வேண்டும். இப்படிப் பத்திரம் எழுதி வாங்குவது செல்லும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுப் பணக்காரன் நழுவவும், ஏழைப்பிள்ளை மட்டும் மாட்டிக்கொள்ளவும் இடம் வைக்கக்கூடாது.

3. உழைக்க வருகின்றவருக்கு காலியிடத்தை நிரப்பிக் கொடுத்து, காலத்தில் சம்பளமும், குடியிருக்க வீடும், இரவில் பயமின்றி வேலை செய்யப் பாதுகாப்பும், உழைத்த பிறகு மேற்படிப்பும் கொடுக்க வேண்டும். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்குத் தேசபக்தி என்று பெயர் வைக்கக்கூடாது.

4. நம் டாக்டர்களை வாங்கிக்கொள்ளுகின்ற பணக்காரத் தேசங்கள் படிப்புச் செலவில் பங்கு கொடுக்கவேண்டும். டாக்டர்களை வேலைக்கெடுப்பது பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் வகுத்த நெறி, கேட்டால் கேட்கலாம் விட்டால் விடலாம் என்கின்ற மாதிரி இருப்பது போதாது.

டாக்டர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. போங்கள், பாருங்கள், படியுங்கள். ஆனால் உங்கள் கைக்குத் தொழில் பழகக் கொடுத்தது யாருடைய உடம்பு என்பதை மறக்காதீர்கள். பொதுஜனங்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் ஓடுகிறான் என்று திட்டுமுன், நம் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இடம் காலியாயிருப்பது எத்தனை மாதமாக என்று ஓட்டுக் கேட்க வருகின்றவனை மறித்துக் கேளுங்கள். அதைக் கேட்கத் தைரியம் இல்லாத ஊருக்கு டாக்டர் வரமாட்டார், மந்திரவாதிதான் வருவான்.